மஞ்சள் உலோகம்

கொட்டாஞ்சேனை,
09.11.1997

அன்புள்ள தங்கச்சி றஞ்சிதத்துக்கு,

அந்தோனியார் புண்ணியத்தில் நானும் டோரினும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தைக் கேட்கத்தான் பயமாக இருக்கிறது. வலது காதுக்குக் கீழே கட்டி என்று எழுதியிருந்தாய். எவ்வளவு பெரிது என்று எழுதவில்லை. பெயர் மட்டும் விஞ்ஞான ரீச்சர், அளவு எழுதத் தெரியாதா?

டொக்டர் கொழும்புக்குப் போ என்றால் போக வேண்டியதுதான். ஊரை விட்டு வெளியே வர ஆமி தரும் பாஸுக்கு உடனே எழுதிக் கொடு. பிள்ளைகளுக்குச் சோதினை, பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை என்று சாட்டுச் சொல்லிக்கொண்டு இராதே.

கப்பல் என்றாலே உனக்கு வயிற்றைக் குமட்டும் என்று தெரியும். ஆனாலும் ஒரு சந்தோசமான செய்தி. காங்கேசன்துறைக்கும் திருகோணமலைக்கும் சனங்களை ஏற்றுகிற வெள்ளைக் கப்பல் போன மாதம் எங்கள் பட்டறைக்குத்தான் திருத்த வந்தது. என்ஜினைக் குளிராக்க அதன் அடியால் கடல்தண்ணீர் வரும் வால்வுகள் ஆறு. வால்வையும் குழாயையும் இணைக்கும் ஆறு துண்டுகளையும் புதிதாகக் கடைந்து போட்டோம். அதற்கு எந்த உலோகம் என்று தீர்மானித்ததும் கையெழுத்து வைத்ததும் உன் அண்ணன்தான். ஆகையால் கண்ணை மூடிக்கொண்டு ஏறு.

போன மாதம் கோட்டைப் பகுதியில் குண்டு வெடித்த பிறகு இங்கே சோதனை கொஞ்சம் கூட. பெரிதாக ஒன்றும் இல்லை. டோரின் உனக்கு முன் அறையை ஒதுக்கித் திரைச்சீலையும் மாற்றிவிட்டாள்.

உன்னைக் காணக் காத்திருக்கும்
அண்ணன் றேமண்ட்

*

குருநகர், யாழ்ப்பாணம்,
07.12.1997

அன்பின் அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

உங்கள் இருவருக்கும் நோய்நொடி அணுகாமல் மாதா காக்கட்டும். கட்டி ஒரு நெல்லிக்காய் அளவு. அரைநெல்லி இல்லை, முழுநெல்லி. போதுமா? தொட்டால் நோ இல்லை. நோ இல்லாததுதான் டொக்டருக்குப் பிடிக்கவில்லை.

ஆமியின் சிவில் அலுவலகத்தில் பாஸுக்கு எழுதிக் கொடுத்தேன். விடியக் காலை போய் மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் உள்ளே விட்டார்கள். கப்பலுக்கு ஆட்கள் நிறையக் காத்திருக்கிறார்களாம், அறிவிப்போம் என்றார்கள்.

கப்பலைப் பற்றி நல்ல சந்தோசப் புளுகோடு எழுதியிருக்கிறீர்கள். சும்மா சொல்லவில்லை, எனக்கும் பெருமைதான். ஆண்டு பத்துக்கு இப்போது உலோகங்கள் படிப்பிக்கிறேன். எந்த வேலைக்கு எந்த உலோகம் பொருத்தம் என்று ஒரு பாடம். புத்தகத்தில் அலுமினியப் பானையைத் தவிர வேறு உதாரணம் கிடையாது. நீங்கள் என்ன உலோகம் போட்டீர்கள், ஏன் மற்றதெல்லாம் வேண்டாம் என்றீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். வகுப்பில் வாசித்துக் காட்டுவேன்.

அண்ணிக்கு என் முத்தங்கள்.
றஞ்சி

*

கொட்டாஞ்சேனை,
30.12.1997

அன்புள்ள றஞ்சி ரீச்சருக்கு,

பாலன் பிறப்பின் மகிழ்ச்சி உன் வீட்டிலும் தங்கட்டும். இங்கே லூசியம்மாள் கோவிலில் பூசை இருட்டமுதலே முடிந்துவிட்டது. வாசலில் பை சோதித்துத்தான் விட்டார்கள். நாங்கள் சுகம். நெல்லிக்காய் வளராமல் இருக்கச் செபிக்கிறோம்.

உன் பிள்ளைகளுக்குச் சொல். இரும்பு போட்டால் மலிவு, ஆனால் கடல்தண்ணீர் இரண்டு வருடத்தில் துருவாக்கிவிடும். ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் மினுங்கும், விலையும் கூட. ஆனால் உப்புத்தண்ணீர் அசையாமல் தேங்கி நிற்கும் இடுக்குகளில் அதற்கும் ஊசி குத்தினதுபோல ஓட்டை விழும். அடுத்தது பித்தளை. கடைய இலகு, எங்கும் வாங்கலாம். ஆனால் பித்தளையில் செம்போடு நாகம், அதாவது துத்தநாகம், இருக்கிறது. கடல்தண்ணீர் அந்த நாகத்தை மட்டும் தின்றுவிட்டுச் செம்பை விட்டுவைக்கும். பார்வைக்குத் துண்டு முழுசாக இருக்கும், அளவும் குறையாது. சுத்தியலால் தட்டினால் பிஸ்கற் மாதிரி உடையும். ஓடுகிற கப்பலில் உடைந்தால், ஆள் கண்டு வால்வைப் பூட்டமுதல் என்ஜின் அறை நிரம்பிவிடும்.

கடைசியாக வெண்கலம். செம்பும் வெள்ளீயமும். கடலுக்கு அதுதான். நான் எழுதிக் கொடுத்ததும் அதுதான்.

பாஸ் வந்ததும் தந்தி அடி.

புதுவருட வாழ்த்துகளோடு
அண்ணன்

*

குருநகர்,
18.01.1998

அன்பின் அண்ணா,

நீங்களும் அண்ணியும் நலமாய் இருக்க வேண்டும். எனக்குக் காய்ச்சல் இல்லை, சாப்பாடு இறங்குகிறது. பாஸ் இன்னும் இல்லை.

உங்கள் கடிதத்தை வகுப்பில் வாசித்தேன். பின் வாங்கிலிருந்து ஒரு பெட்டை எழும்பி, "ரீச்சர், பித்தளையும் மஞ்சள், வெண்கலமும் மஞ்சள். மாமாக்கு எது எதெண்டு எப்பிடித் தெரியும்?" என்றாள். நல்ல கேள்வி. அரத்தூளைக் கொஞ்சம் நைத்திரிக்கமிலத்தில் போட்டால் வெண்கலத்தில் உள்ள வெள்ளீயம் வெள்ளை மண்டியாக அடியில் தங்கும், பித்தளை என்றால் தெளிவாய்க் கரையும், என் அண்ணா ஒவ்வொரு முறையும் அப்படித்தான் சோதிப்பார் என்று சொன்னேன். முன்பு எழுதியிருந்தீர்கள், ஞாபகம். சரிதானே? ஒரு வரி எழுதுங்கள். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

அன்புடன்
றஞ்சி

*

கொட்டாஞ்சேனை,
01.03.1998

தங்கச்சி,

நாங்கள் இருக்கிறோம். நீயும் கவனமாக இரு. கண்டிக் குண்டுக்குப் பிறகு இங்கே நிலைமை உனக்குத் தெரிந்திருக்கும்.

உன் கடிதம் உடைத்து ஒட்டித்தான் வந்தது. நீ எழுதிய அந்தச் சாமானின் பெயருக்குக் கீழே சிவப்பு மையால் கோடு இழுத்திருந்தது. தயவுசெய்து அப்படியான பெயர்களைத் தபாலில் எழுதாதே.

கப்பலில் வர அவசரப்படாதே. பிளேனில் இடம் கிடைக்குமா என்று பார்.

அண்ணன்

*

குருநகர்,
22.03.1998

அண்ணா,

இது செபஸ்தியன் சுவாமியின் கையில் வருகிறது. ஆயர் இல்ல அலுவலாக பிளேனில் வருகிறார், பத்து நாளில் திரும்புவார். பூசைப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார், யாரும் உடைக்க மாட்டார்கள். ஆகவே சுகம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

ஆறு கிழமைக்குப் பிறகு ஒரு துண்டுக் கடிதம் வருகிறது. "கண்ணை மூடிக்கொண்டு ஏறு" என்று எழுதியவர் இப்போது "அவசரப்படாதே" என்கிறார். பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் இல்லை. சின்ன வயதில் கள்ளம் செய்தால் நீங்கள் கதைக்காமல் சாப்பிடுவீர்கள். எனக்கு உங்களைத் தெரியும் அண்ணா.

அந்த உலோகத்தைச் சோதித்தீர்களா, இல்லையா?

றஞ்சி

*

கொட்டாஞ்சேனை,
30.03.1998

என் தங்கச்சி,

சுவாமி கீழே டோரினோடு தேத்தண்ணி குடிக்கிறார். நான் மேலே இருந்து எழுதுகிறேன். அவர் எழும்பமுதல் முடிக்க வேண்டும், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

சோதிக்கவில்லை.

ஒக்ரோபரில் கோட்டையில் குண்டு வெடித்த மூன்றாம் நாள் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். பதினெட்டுப் பேரை ஏற்றினார்கள், நானும் ஒருவன். ஒரு நாள் முழுக்க பொலிசில் வாங்கில் இருந்தேன். அடிக்கவில்லை. "என்ன வேலை?" என்றார்கள். பட்டறையில் உலோகம் சோதிக்கிறனான் என்றேன். "எதால?" என்றார்கள். என் வாய், றஞ்சி, என் வாய்! அசிட் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். பட்டறைக்கு ஆள் போனது. எங்கள் முதலாளி சேனாதீர வந்து கையெழுத்துப் போட்டுத்தான் என்னை எடுத்தார். நல்ல மனிசன். ஆனால் அடுத்த நாள் என் மேசையிலிருந்த அசிட் போத்தலை எடுத்துச் சாக்கடைக் கானுக்குள் ஊற்றிவிட்டார். "றேமண்ட், கோபிக்க வேணாம். ஒரு தமிழ் ஆள்ட மேசையில இது இருக்கிறது எனக்கும் கரைச்சல், உங்களுக்கும் கரைச்சல்" என்றார்.

அந்தக் கிழமைதான் கப்பலுக்கு உலோகம் வந்தது. வழக்கமாக எடுக்கும் இடத்தில் இருப்பு இல்லையென்று ஸ்ரோர்கீப்பர் புவாத் பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய இரும்புக் கடையில் எடுத்து வந்தான். "வெண்கலம்தான் எண்டு சத்தியம் பண்ணி வித்தான் சேர்" என்றான். புவாத் பொய் சொல்கிறவன் இல்லை. அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரிய வேண்டியவன் நான். நிறத்தைப் பார்த்தேன், தட்டிச் சத்தம் கேட்டேன். ஒரு மாதிரித்தான் இருந்தது. சோதிக்க வேண்டும் என்று சொன்னால் மறுபடி அந்தப் போத்தல் கதை வரும். நான் பிந்துகிறேன், நான் தொல்லை, நான் தமிழன் என்று வரும். சோதித்துச் சரி என்று எழுதிய கடதாசியில் கையெழுத்து வைத்தேன். நவம்பர் முழுக்க என்னையே நான் நம்ப வைத்தேன். உன் வகுப்புப் பெட்டை கேட்டபிறகு முடியவில்லை.

மிச்சத் துண்டு ஒன்று என் மேசை லாச்சியில் இருக்கிறது. எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். எதைக்கொண்டு சோதிப்பது? இந்தக் கொழும்பில் நான் போய் ஒரு கடையில் அசிட் தாருங்கள் என்று கேட்க முடியுமா?

டோரினுக்குத் தெரியாது.

அண்ணன்

*

குருநகர்,
14.04.1998

அண்ணா,

ஊருக்கு வந்திருந்த சுவாமியின் அக்கா மகன் திரும்பக் கொழும்புக்கு வருகிறார், அவர் கையில் இது. உங்கள் கடிதத்தை வாசித்து அழுதேன், பிறகு கோபம் வந்தது, பிறகு யோசித்தேன்.

அசிட் தேவையில்லை. தராசும் தண்ணீரும் போதும். துண்டை முதலில் சும்மா நிறுங்கள். பிறகு நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுக்கத் தாழ்த்தி, அடியில் முட்டாமல் நிறுங்கள். எவ்வளவு குறைகிறதோ அதால் முதல் நிறையைப் பிரியுங்கள். எட்டுத் தசம் ஏழு, எட்டு வந்தால் வெண்கலம். எட்டுத் தசம் நாலு, ஐந்து என்றால் பித்தளை. வித்தியாசம் சின்னது, ஆகவே கறிக்கடைத் தராசு சரிவராது. நகைத் தராசு வேண்டும். செட்டியார் தெரு உங்களுக்கு நடை தூரம்தானே. நகை செய்கிற ஒரு பத்தரைப் பிடியுங்கள்.

வெண்கலமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். உடம்பைக் கவனியுங்கள், ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

றஞ்சி

*

கொட்டாஞ்சேனை,
03.05.1998

தங்கச்சி,

இதையும் சுவாமியின் ஆள் கொண்டு வருகிறார். உன் கட்டி பெருத்திருக்கிறதா? நித்திரை கொள்கிறாயா? நான் கொள்வதில்லை.

செட்டியார் தெருவில் நாகேந்திரம் என்றொரு பத்தர். டோரினின் தாலிக்கொடியைத் திருத்தியவர். துண்டைக் கண்டதும் "என்ன தம்பி, இது தங்கமெண்டு ஆரும் ஏமாத்திப்போட்டினமோ?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதைக் கண்டு அவரும் நிறுத்திவிட்டார். கண்ணாடிக் கிளாசில் தண்ணீர் வைத்து, பட்டுநூலில் கட்டி, மூச்சுப் பிடித்துக்கொண்டு நிறுத்தார். சும்மா இருநூற்றுப் பத்துக் கிராம். தண்ணீருக்குள் நூற்று எண்பத்தைந்து. மூன்று தரம் நிறுக்கச் சொன்னேன். மூன்று தரமும் அதுதான். ஒரு துண்டில் எழுதியும் தந்தார்.

பிரித்துப் பார். எட்டுத் தசம் நாலு.

பித்தளை, றஞ்சி. ஆறும் பித்தளை. ஆறு மாதமாகக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. நாளைக்கு உடையுமோ, இன்னும் ஒரு வருடம் தாங்குமோ, எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

நீ அந்தக் கப்பலில் வரக்கூடாது. பாஸ் வந்தாலும் வரக்கூடாது. எப்படியாவது காசு பிரட்டி பிளேனில் எடுக்கிறேன். அதுவரை பொறு.

பட்டறையில் சொல்லச் சொல்வாய். சொல்லத்தான் வேண்டும், எனக்குத் தெரியாதா? சேனாதீரவின் கதவுவரை இரண்டு தரம் போய்த் திரும்பிவிட்டேன். சிங்கள என்ஜினியர் ஒருவன் பிழையான உலோகம் போட்டால் அவன் கவனமில்லாதவன். நான் போட்டால்? அதுவும் வடக்குக்குப் போகிற கப்பலில், அதுவும் பொலிசில் அசிட் என்று சொல்லி எழுதி வைத்த பெயர். பிழை என்று யார் நம்புவார்கள்? உள்ளே போனால் எத்தனை வருடம் என்று கேட்கவும் ஆள் இல்லை. டோரின் தனிய என்ன செய்வாள்? கொஞ்சம் பொறுக்கிறேன். கப்பல் வருடாந்தத் திருத்தத்துக்கு ஒக்ரோபரில் வரும். அப்போது சத்தமில்லாமல் மாற்றிவிடலாம்.

என்னை ஏசாதே. ஏற்கெனவே நானே என்னை ஏசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அண்ணன்

*

குருநகர்,
20.05.1998

அன்பின் அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்கிறேன். இதைத் தபாலிலேயே போடுகிறேன், ஒளிக்க ஒன்றும் இல்லை.

எனக்குப் பாஸ் வந்துவிட்டது. ஜூன் பதினெட்டாம் திகதி வெள்ளைக் கப்பலில் இடம் தந்திருக்கிறார்கள். சந்தோசமாக ஏறுகிறேன். நேற்றுப் போய் நோட்டீஸ் பலகையில் பயணிகள் பட்டியலைப் பார்த்தேன். முந்நூற்று எழுபத்தொரு பேர். பெயர்களை எண்ணிக்கொண்டே போனேன். ஒரே வீட்டு இலக்கத்தில் ஏழு பேர். ஒரு வயதுப் பிள்ளை ஒன்று. அந்தப் பிள்ளைக்குக் கொழும்பில் அண்ணன் இருக்கிறானோ தெரியாது.

டொக்டர் இனிப் பிந்தக்கூடாது என்கிறார். ஆகவே என்னை மறித்து எழுதாதீர்கள். எழுதினாலும் நான் வருவேன், உங்களுக்கு என்னைத் தெரியும்.

பதினெட்டாம் திகதிக்கு இன்னும் இருபத்தொன்பது நாள் இருக்கிறது.

உங்கள் தங்கச்சி
றஞ்சிதம்

*

கொட்டாஞ்சேனை,
13.06.1998

அன்பான றஞ்சி,

அண்ணி எழுதுகிறேன். ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். செபஸ்தியன் சுவாமி நாளைக்குப் பிளேனில் வருகிறார், கையில் கொடுத்துவிடுகிறேன். பதினெட்டாம் திகதி காங்கேசன்துறைக்குப் போகாதே. கப்பல் ஓடாது.

உன் கடிதம் முதலாம் திகதி வந்தது. அவர் வாசித்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்தார். நான் வாங்கி வாசித்தேன், கப்பலில் இடம் கிடைத்ததற்கு ஏன் மனிசன் செத்தவன் மாதிரி இருக்கிறார் என்று விளங்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஏழு மாதம் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒரு சொல் சொல்லவில்லை, பார்.

"ஒருக்கா ஏறினா ஏழெட்டு மணித்தியாலம் கடல்ல நிப்பாள் டோரின். ஒவ்வொரு மணித்தியாலமும் நான் என்னெண்டு இருக்கிறது?" என்றார். நான் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அதை நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் காலமை முழுகி, வெள்ளைச் சேர்ட் போட்டு, அந்தத் துண்டையும் பத்தரின் கடதாசியையும் எடுத்துக்கொண்டு போனார். முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு, "ஏன் றேமண்ட் என்னட்டச் சொன்னீங்க, சொல்லாம இருந்திருக்கலாமே" என்றாராம். ஆனாலும் உடனே கப்பல்காரருக்குப் போன் பண்ணினார், அதையும் சொல்ல வேண்டும். திருகோணமலையில் கப்பலை மறித்துத் துண்டுகளைக் கழற்றினார்கள். புவாத் வந்து சொன்னான், ஆறில் இரண்டு சுத்தியலால் தட்டின உடனேயே உடைந்ததாம். உள்ளே முழுக்கச் செம்புச் சிவப்பாம்.

ஐந்தாம் திகதி சிவில் உடுப்போடு இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். ஒரு வாக்குமூலம் எடுத்துவிட்டு விடுவோம் என்றார்கள். சேர்ட் மாற்ற விட்டார்கள். இன்றைக்கு எட்டு நாள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. மூன்று இடத்துக்குப் போனேன், மூன்று இடத்திலும் இங்கே இல்லை என்கிறார்கள். சேனாதீர ஒரு லோயரைப் பிடித்துத் தந்திருக்கிறார்.

போகும்போது என்னிடம், "றஞ்சிக்கு உடன எழுது, கப்பல் ஓடாது எண்டு. அவள் வந்து ஜெற்றியில காவல் நிக்கப்போறாள்" என்றார். அதுதான் எழுதுகிறேன்.

உன் அண்ணி
டோரின்

*

குருநகர்,
05.07.1998

அன்பின் அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. இந்தக் கடிதத்தை மூன்று தரம் கிழித்து நாலாம் தரம் எழுதுகிறேன், சுவாமியின் ஆள் கையில் வரும்.

பதினெட்டாம் திகதி நான் காங்கேசன்துறைக்குப் போகவில்லை. உங்கள் கடிதம் வராவிட்டாலும் போயிருக்க மாட்டேன். எனக்குப் பாஸ் வரவேயில்லை, அண்ணி. இன்றுவரைக்கும் வரவில்லை. பலகையில் இருந்த முந்நூற்று எழுபத்தொரு பேரும் உண்மை. அதில் என் பெயர் இல்லை.

மற்றவர்களுக்காக அண்ணா வாய் திறப்பாரோ என்று எனக்கு நிச்சயம் இல்லை. எனக்காகத் திறப்பார் என்று நிச்சயமாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதினேன். அவர் பொய்க் கையெழுத்து வைத்தார் என்று அவரில் கோபப்பட்ட நான், அவருக்கே ஒரு பொய் எழுதி அனுப்பினேன். வேறு வழி யோசித்துப் பார்த்தேன். இங்கே நானே போய்ச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், அதுவும் அவரிடம்தான் போய் முடியும். தானாகப் போய்ச் சொன்னவன் என்றாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். இவ்வளவு நாள் வைத்திருப்பார்கள் என்று நினைக்கவில்லை. இல்லை, பொய். நினைத்தேன். நினைத்துக்கொண்டுதான் தபாலில் போட்டேன்.

கப்பல் திருத்தி முடியும்வரை புதிதாகப் பாஸ் எதுவும் எழுதுவதில்லை என்று சிவில் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அது பரவாயில்லை.

அண்ணாவைப் பார்க்க விட்டால், இதை அவரிடம் இப்போது சொல்லாதீர்கள். தங்கச்சி தப்பிவிட்டாள் என்றே அவர் உள்ளே இருக்கட்டும். வெளியே வந்த பிறகு நானே சொல்கிறேன். அதன் பிறகு அவர் என்னோடு கதைக்காவிட்டாலும் சரி.

நீங்கள் என்னைத் திட்டி எழுதினாலும் எழுதுங்கள், எழுதாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். பதினைந்து நாளாக ஒவ்வொரு நாளும் தபால் கந்தோருக்குப் போய் வருகிறேன். அவர் வீட்டுக்கு வந்துவிட்டாரா என்று ஒரு வரி போதும்.

றஞ்சிதம்